குடியென்னும் பெயர்
(புதுநிலத்திற் குடியேறினோரைக் குறிக்குஞ் சொற்களின் வரலாறு)

மக்கள் தாம் பிறந்த நிலத்தை விட்டு நீங்கிப் பிறிதொரு நிலத்திற் புக்கு, அதனைத் திருத்தி வாழ்தல் உலகெங்கணும் தொன்றுதொட்டு நிகழ்ந்து வருவதொன்றாம். மழை பொய்த்தலானும், பகைவர் நலிதலானும், உள்ள நிலம் போதாமையானும், வாணிகங் கருதியும், அரசர் ஏவலானும் மக்கள் பெயர்ந்தனர். அங்ஙனம் பெயர்ந்தாரை ஒவ்வொரு மொழியும் தனக்குரிய பெயர்களால் அழைக்கின்றது. அப்பெயர்கள் வெறும் அடையாளமாய் நிற்பனவல்ல. ஒருவனைக் குடி என்றழைத்தால் அவனுக்கு அந்நிலத்தில் உரிமையுண்டென்பது பெறப்படும். கூலி என்றழைத்தால் அன்றன்றைக் கூலியன்றி அவனுக்கு வேறுரிமை யில்லை யென்பது பெறப்படும். நிலமும் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. பெயர் வேறாயினமையாற் பயனும் வேறாயிற்று. ஆதலின் இச்சொற்களின் வரலாறு இலக்கணம் வல்லார்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. அறத்தை ஆராய்வார் அனைவர்க்கும் உரியதாம். அதனை இலக்கியத்தானும், கல்வெட்டானும், பிற்கால ஆவணங்களானும் அறியப்படும் அளவிற்கு ஈண்டு முறையே ஆராய்வாம்.

முதற்கண் உரோமர் மொழிச் சொல்லொன்றை நோக்குதல் தமிழ்ச்சொல்லின் இயல்பை விளக்குதற்கு உதவும். இலத்தீன் மொழியில் உழுதலை உணர்த்தும் வினையடியாகப் பிறந்தது கொலோனுஸ் என்னுஞ் சொல். அதற்கு உழவன் என்பது முதற்பொருள். உரோமர் தாம் வென்ற நாடுகளில் தம் படைவீரர்க்கு நிலம் பகுத்தளித்துக் குடியேற்றிய ஊர் கொலோனியா எனப்பட்டது. இன்று செர்மானிய நாட்டில் விளங்கும் கொலோன் நகரம் கி.பி. 50-ல் இப்பெயர் பெற்றதாம். ஆயின் அதே உரோமப் பேரரசிற் பிற்காலத்தே கொலோனுஸ் என்பான், பெருநிலக்கிழார்க்குட்பட்டு, தான் உழும் நிலத்தை விட்டு நீங்கவியலாத கட்டுண்ட உழவன் ஆயினான். கி.பி. 332-ல் கான்சுதந்தீன் மன்னன், ஓடிப்போன இத்தகைய உழவரை அவர் பிறந்த இடத்திற்கே மீட்டுக் கொணர்தல் வேண்டுமென்று சட்டஞ் செய்தான். நிலம்பெற்ற வீரனுக்குரிய பெயர், நிலத்தோடு பிணிக்கப்பட்டவனுக்குரிய பெயராயிற்று. சொல் மாறவில்லை, சொல்லுக்குரியவன் நிலை தாழ்ந்தது. இத்தகைய ஏற்றத்தாழ்வு தமிழ்ச் சொற்களினும் உண்டென்பது மேற் காட்டப்படும்.

குடியும் காடும்

தமிழிற் குடியேறுதல் என்னுந் தொடர்க்கு முதலாய் நிற்பது குடி என்னுஞ் சொல். அது குடும்பத்தையும், குலத்தையும், ஊரையும், அரசன் ஆட்சிக்குட்பட்ட மக்களையும், உழுது வாழ்வாரையும் ஒருங்கே உணர்த்தும். திருவள்ளுவர் குடிமை என்பதனை 96-ஆம் அதிகாரமாகவும், குடிசெயல்வகை என்பதனை 103-ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். முன்னது பிறந்த குலத்தின் இயல்பு கூறும். பின்னது தான் பிறந்த குடியை உயரச்செய்யும் முயற்சி கூறும். அம்முயற்சி கூறும் அதிகாரத்தை அடுத்து உழவு என்னும் அதிகாரம் நிற்றல் கருதத்தக்கது. குடியென்பது பிறப்பினால் மட்டும் அமைவதன்று. நிலத்தின்கட் செய்யும் வினையானும் அமைவது என்பது இவ்வடைவினாற் பெறப்படுமன்றோ?

ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்றாம். காரைக்குடி, மன்னார்குடி, தூத்துக்குடி முதலிய ஊர்கள் முன்னொரு காலத்து மக்கள் வந்து தங்கிய இருக்கைகள் என்பதனைத் தம் பெயரானே அறிவிக்கின்றன. திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய அடைவுத் திருத்தாண்டகம் இறைவன் எழுந்தருளியிருக்குந் தலங்களைப் பெயரீறு பற்றித் தொகுத்துக் கூறுவது. பள்ளியென முடிவன, ஊரென முடிவன, குடியென முடிவன, காடென முடிவன, துறையென முடிவன எனத் தனித்தனியே அத்தலங்கள் அடைவுபெறுகின்றன. மறைக்காடு, தலைச்சங்காடு, ஆலங்காடு, வெண்காடு, சாய்க்காடு என்பன இன்று காடுகளல்ல. வீதியுங் கோபுரமும் விளங்கும் ஊர்களாம். எனினும் பெயர் பழைமையை மறக்கவில்லை. தலந்தோறும் ஒரு மரத்தைத் தலமரமெனப் போற்றும் வழக்கமும் அவ்வூர் தோன்றுமுன் அங்கு நின்ற காட்டை நினைவூட்டுவதாகக் கொள்ளலாம். மக்கள் குடியேறுமுன்னும் இறைவன் அங்கிருந்தான். அவர் குடியேறிய பின்னும் அங்கிருக்கின்றான் என்பது சைவர்தங் கொள்கை. ஆகவே சைவர்க்குக் காடென்பது யாருமில்லாத வெற்றிடமன்று.

இஃது ஈண்டு வற்புறுத்தப்படுதற்குக் காரணமுண்டு. குடியேறினார் வரலாறு கூறுவோர் பலரும், அவர் வருமுன் அந்நிலம் வறிதே கிடந்ததென்று கூறிச் செல்லும் இயல்பினர். பழந்தமிழ்ப் புலவர் அங்ஙனஞ் செய்திலர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையுட் கரிகாற் பெருவளத்தானைப் புகழுமிடத்து, அவன் காட்டை யழித்து நாடாக்கினான், குளந் தோண்டினான், உறந்தையை விரிவாக்கினான், கோயிலொடு குடியையும் நிலைநிறுத்தினான் என்பர். கோயில் என்பதற்கு ஈண்டு அரண்மனை எனப் பொருள் கொள்ளினும், குடியை நிறுத்துதல் அரசன் கடமையாகக் கருதப்பட்டமை தெளிவாம். ஆயின் அதற்கு முன்னுள்ள அடிகளிலேயே அருவாளர் அவன் ஏவல் கேட்டொழுகியதும், பொதுவர் எனப்படும் ஆயர்குலத்தாரது வழி அழிந்ததும் கூறப்படுகின்றன. நாடாயதும் சொல்லப்பட்டது, நாடாயதற்கு யார் அழிந்தனர் என்பதும் சொல்லப்பட்டது. புகழ்ப்பாட்டாயினும் அப்பாட்டுப் பொய்ம்மையைப் புகலவில்லை என்க.

தொண்டைநாட்டுக் குடியேற்றம்

குடியேற்றம் பற்றித் தமிழ்நாட்டில் வழங்குங் கதைகளுட் பெரியது தொண்டைநாட்டைப் பற்றியதாம். அந்நாட்டிற் குறும்பர் என்னும் மாக்கள் 24 கோட்டைகளை அமைத்து வாழ்ந்தனரென்றும், சோழன் மகனாகிய ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவரை வென்று, காடு திருத்தி, பிறநாடுகளினின்றும் வேளாளரைக் கொணர்ந்து குடியேற்றினனென்றும், அக்கோட்டைகளே பின்னர் 24 கோட்டங்கள் ஆயினவென்றும் அக்கதை கூறும். ஆதொண்டையின் தந்தையைக் கரிகாலன் என்பாரும் குலோத்துங்கன் என்பாரும் உளர்.

இதனை ஆராயுமிடத்துச் சில உண்மைகள் புலனாம். காஞ்சிபுரத்தையடுத்த கூரத்திற் கிடைத்த பரமேசுவரவர்மப் பல்லவன் செப்பேடு ஏழாம் நூற்றாண்டினது. அதன்கண் ஊற்றுக்காட்டுக் கோட்டம் கூறப்படுகின்றது. ஆகவே கோட்டப் பிரிவு குலோத்துங்கன் காலத்திற்குப் பன்னூறாண்டு முற்பட்டது என்பது துணிபு. வடதிருமுல்லைவாயிற் பதிகத்திற் சுந்தரமூர்த்தி சுவாமிகள், தொண்டைமானது களிற்றை முல்லைக்கொடி சூழ்ந்து தடுத்ததனையும், இறைவன் அவனுக்கு வெளிப்பட்டருளியதனையும் குறித்தருளினார். அத்தொண்டைமான் குறும்பர்மேற் படையெடுத்துச் சென்றவன் என்று தலவரலாறு கூறும். எனவே தொண்டைமான் கதையின் ஒருபகுதி பல்லவர் காலத்திலேயே வழங்கியதென்பது போதரும். முல்லையென்பது ஆனிரை மேய்ப்பார்க்குரிய நிலமாதலும், ஈண்டு வழிமறித்துநின்ற கொடி முல்லையேயாதலும் சிந்திக்கத்தக்கன.

கதையின் காலம் எதுவாயினும், அதன் பயன் பிற்காலத்தே வெளிப்பட்டது. குறும்பர் என்னும் பெயர் பகைவர் பெயராய் மட்டும் நின்றது. குடியேறினார் பெயரோ காணியாளர் என உயர்ந்தது. காணி என்பது எண்பதில் ஒருபாகமாகிய சிற்றெண்ணையும், ஒருவகை நிலவளவையும், வழிவழி வரும் உரிமையையும் உணர்த்துஞ் சொல். சென்னையைச் சூழ்ந்த பகுதியில் ஒரு காணி 57,600 சதுர அடி கொண்டது. நிலத்தைத் திருத்தினான் என்பது வினை. அவ்வினையாற் காணி பிறந்தது. காணியால் வழிவழி ஆட்சி பிறந்தது. இம்மூன்றிற்கும் இடையே நின்ற பிறருடைய உழைப்பு எவ்வாறு பெயர்பெற்றது என்பதே நாம் இனி நோக்கவேண்டுவது.

கல்வெட்டுக்கள் கூறுவன

கோயிலுக்கும் அந்தணர்க்கும் நிலம் விடுத்த கல்வெட்டுக்களிலும் செப்பேடுகளிலும் இருவகைத் தொடர் காணப்படும். ஒன்று குடிநீக்கி என்பது; மற்றொன்று குடிநீங்கா என்பது. முன்னிருந்த குடிகளை அகற்றிக் கொடுத்தது குடிநீக்கிய தேவதானம். அவரை அகற்றாது, அவர் செலுத்துங் கடமையை மட்டும் கோயிலுக்கு ஆக்கியது குடிநீங்காத் தேவதானம். ஈரெழுத்து வேறுபாட்டில் ஒரூரின் மக்கள் வாழ்வனைத்தும் அடங்கியிருந்தது. எழுதுவோனும் அதனையுணர்ந்தே எழுதினான். கல்லில் வெட்டுவோனும் அதனையுணர்ந்தே வெட்டினான். ஈசற்கு நிலம் விடும்போதும், அந்நிலத்தில் முன்னே வாழ்வார் யார், அவர் இருப்பரா நீங்குவரா என்னும் வினாவை நம் முன்னோர் மறைத்துவிடாது வெளிப்பட எழுதினர் என்பது பாராட்டற்குரியதாம்.

பழைய குடிக்குச் சான்று யாது என்னும் வினாவும் அக்காலத்து எழுந்தது. பாண்டியன் நெடுஞ்சடையனது வேள்விக்குடிச் செப்பேடு எட்டாம் நூற்றாண்டினது. முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோர்க்கு அளித்த வேள்விக்குடி என்னும் ஊர் களப்பிரர் காலத்து இழக்கப்பட்டதென்று நற்சிங்கன் என்பான் மன்னனிடம் முறையிட்டான். மன்னன் உடனே கொடுத்தானல்லன். பழைமையை நாட்டாரைக்கொண்டு காட்டுக என்றான். அவன் அவ்வாறே காட்டி ஊரைப் பெற்றான். நாட்டாரது நினைவே அந்நாளில் பட்டயமாக நின்றது. நினைவே சான்றாயின், யாருடைய நினைவு அவைக்கண் ஏறும், யாருடையது ஏறாது என்பதே உரிமையை அறுதியிடும் என்பதும் உடன் பெறப்படும்.

குடியேறினாரை நன்கு மதித்துப் பெயர் பொறித்ததற்குத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டைக் காட்டினும் சிறந்தது பிறிதில்லை எனலாம். முதலாம் இராசராசன் தன் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1014-ஐ ஒட்டி, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்றும் 400 ஆடன்மகளிரைக் கொணர்ந்து கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரிகளிற் குடியேற்றினான். ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. ஒரு பங்காவது ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஆண்டொன்றுக்கு 100 கல நெல். எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, முன்னிருந்த கோயில் யாது, பெயர் யாது என்பன ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. திருவாரூரினின்று வந்தாளும், திருவையாற்றினின்று வந்தாளும், பழையாற்றினின்று வந்தாளும் தத்தம் பழைய ஊரின் பெயரை இழவாமலே தஞ்சையின் குடியாயினர். காணியுடையார் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும், அவர்க்கு அணுக்கராயினார் அப்பணிசெய்து பங்கைப் பெறுக என்பதும் அங்கே விதிக்கப்பட்டது. அரசன் ஏவலால் வந்தோர் என்பது உண்மையே. அவர் விரும்பி வந்தனரா என்பதைக் கல் கூறாது. எனினும் வந்தவர்க்குப் பெயரும், வீடும், பங்கும், வழியுரிமையும் உண்டென்பதைக் கூறுகின்றது. வந்தவரைத் தொகையாக எண்ணாது ஆளாக எண்ணியமையே ஈண்டுப் போற்றத்தக்கது.

சம்புவராயர் காலத்துத் தொண்டைநாட்டுக் கல்வெட்டுக்கள் சிலவற்றில் அஞ்சினான் புகலிடம் என்னும் அரியதொரு தொடர் வழங்குகின்றது. அச்சமுற்று ஓடிவந்தார் தங்கி வாழ்தற்கென ஒதுக்கப்பட்ட இடத்திற்கு அது பெயர். வந்தவன் யார், எக்குலத்தான், எந்நாட்டான் என்பன அப்பெயரிற் குறிக்கப்படவில்லை. அவன் அஞ்சினான் என்பதொன்றே குறிக்கப்பட்டது. புகலிடம் பெறுதற்கு அச்சமே தகுதியாயிற்று. இந்நாளில் உலகநாடுகள் ஏதிலியர்க்குச் செய்யுஞ் சட்டங்கள் பலவற்றிற்கும் இவ்வொரு பெயர் வழிகாட்டுவதன்றோ?

தாழ்ந்த சொற்கள்

இனி, உரோமர்தங் கொலோனுஸ் போலப் பொருள் தாழ்ந்த தமிழ்ச் சொற்களை நோக்குவாம்.

வம்பு என்னுஞ் சொற்குத் தொல்காப்பியர் உரியியலில் நிலையின்மைப் பொருள் கூறினார். புதுமை என்பதும் அதற்குரிய பொருள். வழிவந்த புதியோரைச் சங்கப் புலவர் வம்பலர் என்றனர். அச்சொல் இன்று பூசலுக்கும் வீண்பேச்சிற்கும் பெயராய் வழங்குகின்றது. பரதேசி என்பது பிறநாட்டான் என்னும் பொருளது, கல்வெட்டுக்களிற் பன்னாட்டு வணிகரைக் குறித்தது, துறவிகளையுங் குறித்தது. இன்று தெருவில் அஃது இகழ்ச்சிச் சொல்லாயிற்று. வந்தேறி என்பதோ வந்து ஏறியவன் என்னும் எளிய பொருளதாயினும், ஒருவனை வெளியேற்றக் கருதுவார் வாயிலேயே பெரிதும் பயில்கின்றது.

சேரி என்னுஞ் சொல்லின் வரலாறு இவை எல்லாவற்றினும் வருந்தத்தக்கது. சேர்ந்து வாழும் இடம் சேரி. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின. அவற்றில் அந்தணர் வாழ்ந்த அவ்வூரின் பகுதிகள் 12 சேரிகள் எனப்பட்டன. தஞ்சையில் ஆடன்மகளிர் வாழ்ந்த இடம் தளிச்சேரி என்பது மேலே கூறப்பட்டது. இராசராசன் கல்வெட்டுக்களில் இறைநீங்கிய இடங்களை எண்ணுமிடத்து ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றொடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் ஒருங்கே எண்ணப்பட்டன. காலஞ் செல்லச்செல்ல ஏனையோர் தம் இருக்கையை வேறு பெயரால் அழைத்துக்கொண்டனர். சேரி என்னும் பெயர் ஒருசாரார் தலையிலேயே சுமத்தப்பட்டது. சொல்லின்மேல் ஏறிய இழிவு சொல்லினின்று பிறந்ததன்று. அங்கு வாழ்வாரை நாம் நடத்திய முறையினின்று பிறந்தது.

இதனைத் திருநாளைப்போவார் வரலாற்றில் வைத்துத் தெளியலாம். சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடிய திருத்தொண்டர் புராணத்தில், ஆதனூரில் வாழ்ந்த இவ்வடியார்க்கு ஊரார் விட்ட பறைத்துடவை உண்டென்கின்றார். பறைத்தொழிலுக்கு உரிமையாக விடப்பட்ட நிலமே பறைத்துடவை. அந்நிலத்தால் வாழ்ந்து, கோயில்களின் முழவிற்குத் தோலும் வாரும், யாழிற்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் அளித்து வந்தார். சேக்கிழார் கூறும் நாளைப்போவார் ஊரிற் பங்குடைய தொழிலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோபாலகிருட்டிண பாரதியார் பாடிய கீர்த்தனையிலோ அவர் ஒரு வேதியரிடம் அடிமைப்பட்ட பண்ணையாளாகின்றார். தில்லைசெல்ல ஆண்டையிடம் விடைபெற வேண்டியவராகின்றார். அந்த ஆண்டை சேக்கிழார் நூலில் இல்லை. பாரதியார் தம் காலத்திற் கண்ட உழவர் நிலையை நாயனார்மேல் ஏற்றிப் பாடினார் எனக் கொள்வதே பொருந்தும். பறைத்துடவை என்னும் பெயர் மறைந்து ஆண்டை, அடிமை என்னும் பெயர்கள் வந்து புகுந்தமையை இவ்விரு நூல்களையும் ஒப்பிடுவார் எளிதில் உணர்வர்.

மிராசும் பாயக்காரியும்

ஆங்கிலேயர் ஆட்சியிற் செங்கற்பட்டுப் பகுதியின் நிலவுரிமையை ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் எல்லிசு துரை. திருக்குறளின் ஒருபகுதியை ஆங்கிலத்திற் பெயர்த்தவரும், தென்மொழிகளின் உறவை 1816-லேயே எடுத்துக்காட்டியவரும் இவரே. மிராசு உரிமை பற்றி அரசாங்கம் வினாவிய 17 வினாக்களுக்கு இவர் எழுதிய விடைகள் 1818-ல் அச்சாயின. மிராசு என்பது வழியுரிமையை உணர்த்தும் அரபுச்சொல்லின் வழிவந்தது. காணியாட்சி என்னும் தமிழ்ச்சொல் நின்ற இடத்தில் அது வந்து அமர்ந்தது. ஆதொண்டைச் சக்கரவர்த்தியின் குடியேற்றக் கதை இவ்வாராய்ச்சியின்கண் நிலவுரிமைக்குச் சான்றாக ஆளப்பட்டது. கோயில் முற்றத்தில் வழங்கிய பழங்கதை கச்சேரியில் ஆவணமாயிற்று.

காணியாளர் அல்லாத உழவர் பாயக்காரிகள் எனப்பட்டனர். அவருள்ளும் இருதிறத்தார் உளர். ஊரிலேயே தங்கி, உழுங்காறும் நீக்கப்படாத நிலையுடையார் உள்குடிகள். வேற்றூரினின்று வந்து ஆண்டளவில் உழுது செல்வார் பரகுடிகள். குடி என்னுஞ் சொல் இருவர்க்கும் உண்டு. உள், பர என்னும் முன்மொழிகளே உரிமையை வேறாக்கின. இவ்விரு திறத்தார்க்கும் கீழே, நிலத்தை உண்மையில் உழுத பண்ணையாட்களும் படியாட்களும் குடி என்னும் பெயரே பெற்றிலர். எத்தனை தலைமுறை அவ்வூரில் வாழ்ந்தாராயினும் அவர் உள்குடியும் அல்லர், பரகுடியும் அல்லர். நேற்று வந்த பரகுடிக்கு உள்ள பெயர் பன்னூறாண்டாக அங்கே பிறந்து இறந்தவர்க்கு இல்லையாயிற்று.

செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்கீர் துரை 1891-ல் அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையை ஆராய்ந்து அரசாங்கத்திற்கு அறிக்கை எழுதினார். தரிசுநிலத்தைப் பெறுதற்கும் மிராசுதாரர்க்கே முன்னுரிமை இருந்தமையால் ஏழை உழவர் நிலம் பெறவியலாமையை அது விளக்கியது. 1892-ல் அரசாங்கம் அவர்க்கு நிலம் ஒதுக்கக் கட்டளையிட்டது. பிறர்க்கு விற்றல் கூடாதென்னும் கட்டுப்பாட்டுடன் அளிக்கப்பட்ட அந்நிலங்கள் பஞ்சமி நிலம் எனப்படுகின்றன. அவற்றுட் பல பின்னர்ப் பிறர் கைப்பட்டன என்னும் முறையீடு இன்றும் ஓயவில்லை. காடு திருத்தியவனுக்கே காணி என்னும் பழங்கொள்கை உண்மையாயின், அக்காட்டை வெட்டிய கைகள் யாருடையவை என்று வினாவுதல் குற்றமாகாது.

கடல் கடந்த குடி

இவ்வினா தமிழ்நாட்டெல்லையோடு நின்றதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டிற் காப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழ்நாட்டுச் சிற்றூர்களினின்றும் உழவர் கங்காணிமார் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையினின்று காட்டுவழி நடந்து மலையேறினர். நோயாலும் பசியாலும் வழியில் மாய்ந்தார் பலர். 1869-ல் தோன்றிய இலைநோயாற் காப்பி அழியவே, தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. காட்டை வெட்டியவரும், மலைச்சரிவைத் திருத்தியவரும், தளிரைக் கிள்ளியவரும் இவர்களே. கரிகாலன் காலமாயின் இவர் செய்தது நாடாக்குதல் எனப் பாடப்பெற்றிருக்கும். ஆயின் ஆவணங்கள் இவர்க்கு இட்ட பெயர் கூலி என்பதாம்.

இலங்கை 1948-ல் விடுதலையடைந்தது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலார் எந்நாட்டுக் குடியும் அல்லாராயினர். குடியுரிமை என்னுந் தமிழ்ச்சொல்லின் முதலில் நிற்பது குடியே யன்றோ? மூன்று தலைமுறை ஒரு மலையில் வாழ்ந்தாரைக் குடியல்லர் என்று ஒரு தாளின்கண் எழுதுதல் இயல்வதாயிற்று. 1964-ல் இந்திய இலங்கை அரசுகள் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்குமென்றும், எஞ்சிய 1,50,000 பேர் நிலைமை பின்னர் ஆராயப்படுமென்றும் கூறியது. தஞ்சைக் கல்வெட்டு 400 பேரை ஒவ்வொருவராய்ப் பெயர்கூறி எழுதியதனையும், இவ்வுடன்படிக்கை மக்களை இலக்கக்கணக்கிற் பகுத்ததனையும் ஒருங்குவைத்து நோக்குக. 2003-ல் இயற்றப்பட்ட சட்டத்தாலேயே அங்கு எஞ்சிநின்றார் குடியுரிமை பெற்றனர். 55 ஆண்டுகள் அவர் அதற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் அவர் தமக்குத்தாமே ஒரு பெயர் தேடிக்கொண்டனர். மலையகத் தமிழர் என்பதே அப்பெயர். பிறர் இட்ட கூலி என்னும் பெயரை விடுத்து, தாம் திருத்திய நிலத்தின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட இச்செயல் குடி என்னுஞ் சொல்லின் பழம்பொருளை மீட்டதாம்.

1983-க்குப் பின்னர் ஈழத்தினின்று உலகெங்கும் சென்ற தமிழர் புலம்பெயர்ந்தோர் எனப்படுகின்றனர். இச்சொல்லும் பழையதே. பட்டினப்பாலையிற் புகார் நகரத்தில் பலமொழி பேசும் புலம்பெயர் மாக்கள் கலந்து இனிதுறைந்தமை கூறப்படுகின்றது. அன்று நம் துறைக்கு வந்த பிறரைக் குறித்த சொல், இன்று பிறர் துறைக்குச் சென்ற நம்மைக் குறிக்கின்றது. நம்மவர் பிறநாட்டில் வந்தேறி என்று இகழப்படுங்கால் நமக்கு உண்டாகும் நோவு, நாம் பிறரை அங்ஙனம் இகழுங்கால் அவர்க்கும் உண்டாமென்பதை இவ்வொரு சொல்லே நமக்கு உணர்த்தவல்லது.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றாற் பெறப்படுவன இவை. தமிழிற் குடியேறுதல் என்பது வெல்லுதலை உணர்த்தாது, வாழ்தலை உணர்த்துவது. ஆயின் வாழ்ந்தவர் எல்லாரும் குடியெனப் பெயர்பெற்றிலர். எழுதுவார் கையிற் பெயரும், பெயரின் வழியே உரிமையும் அமைந்தன. குடிநீங்கா என்றெழுதிய கை ஊரைக் காத்தது. பெயரெழுதாது விட்ட கை ஊராரை மறைத்தது.

ஆதலின் நம் கோயில்களுக்குத் தலவரலாறு எழுதும் அன்பர்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கோயிலைக் கட்டிய மன்னன் பெயரையும், திருப்பணி செய்த செல்வர் பெயரையும் நாம் தவறாது எழுதுகின்றோம். அக்கோயில் நிலத்தை உழுத குடிகள் யாவர், குளம் வெட்டியவர் யாவர், பறைத்துடவை பெற்றவர் யாவர், அவர்தம் வழியினர் இன்று எந்நிலையில் உளர் என்பவற்றையும் கல்வெட்டினின்றும் ஊர்முதியோர் நினைவினின்றும் தொகுத்து எழுதுதல் வேண்டும். கோயிலின் சுவரில் அவர் பெயர் வெட்டப்படாது விடப்பட்டிருப்பின், வரலாற்று நூலிலேனும் அஃது ஏறுதல் தகும். திருத்தொண்டர் வரிசையில் ஆதனூர்த் தொழிலாளர்க்கு இடமளித்த சேக்கிழார் பெருமான் வழிநிற்பார்க்கு இஃது அரியதொரு செயலன்று.